ஐந்து நட்சத்திரத்தில் பிறந்தவள்

அத்தியாயம் 6

"என் பொண்ணு எத்தினி தபா பொறந்தாய்யா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கேட்டார் முனியப்பன். கையிலிருந்த மூன்று காகிதங்களை ஆதிநாராயணனின் கீபோர்டு மேல் அறைந்தார். காணிப்பாக்கத்து லாட்ஜ் ஒன்றின் வெப்சைட்டுக்காகத் திரையில் சுழன்றுகொண்டிருந்த பிள்ளையார் அந்த அடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, உக்காருங்க. இன்னா ஆச்சு?"

"உக்கார வரல. படி."

ஆதி படித்தான். மூன்றும் அவனுடைய வரன் பார்க்கும் சைட்டில் ஒரே பக்கத்தின் பிரிண்ட். அதே புகைப்படம். மு. தேன்மொழி, வயது இருபத்துநான்கு, வடமாலபேட்டை, புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நட்சத்திரம் என்ற இடத்தில் மட்டும் முதல் காகிதத்தில் மூலம், இரண்டாவதில் ஆயில்யம், மூன்றாவதில் கேட்டை.

"எம் பொண்ணு திருவோணம். திருமலைச் சாமியோட நட்சத்திரம்," என்றார் முனியப்பன். குரல் லேசாக உடைந்தது. "மொத மாப்ள புத்தூரு. அவங்கப்பா உன் கம்ப்யூட்டர்ல மூலம்னு பாத்தாரு. மாமனாருக்கு ஆகாதுன்னுட்டு கார்லேர்ந்தே எறங்கல. ரெண்டாவது நகரி. அப்பா இல்ல, அம்மா மட்டும். அந்தம்மா பாக்கறப்ப ஆயில்யம். மாமியாருக்கு ஆகாது. மூணாவது சத்தியவேடு. அப்பனும் இல்ல, ஆத்தாவும் இல்ல, அண்ணன்தான் வளர்த்தாரு. அவரு பாக்கறப்ப கேட்டை. மாப்ளயோட அண்ணனுக்கு ஆகாது! ஜாதக நோட்டை எடுத்துக் காட்டறேன், 'நோட்டை மாத்தினியா, பொண்ண மாத்தினியா'ன்னு கேக்கறான்யா என்னை."

"ஒவ்வொரு தடவையும் நான் உடனே திருத்திட்டேன் ஐயா."

"நீ திருத்தற, எவனோ மாத்தறான். ஞாயித்துக்கெழமை புத்தூர்ல நம்ம சங்கத்துக் கூட்டம். அதுக்குள்ள எவன்னு சொல்லு. சொல்லலன்னா, உன் மிஷின்ல இருக்கற இருநூத்துப் பதினாலு பேரு போட்டோவையும் எறக்கிட்டுத்தான் எனக்கு மறுவேலை."

வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போனார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரே அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஷோபா என்ற ஒரு ஆபரேட்டர். இதுதான் ஆதிநாராயணனின் 'ஆதி வெப் ஒர்க்ஸ்'. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தான். கம்பெனி ஒரே நாளில் கதவைச் சாத்தியபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இதைத் தொடங்கினான். லாட்ஜ்காரருக்குப் பிள்ளையார் சுற்ற வேண்டும். சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்காரருக்குத் திரை முழுக்க மாம்பழம் கொட்ட வேண்டும். கொட்டவைத்தால், 'இன்னும் கொஞ்சம் மஞ்சளாக் கொட்டணும்' என்பார். அதெல்லாம் அடுத்தவர் சைட். அவனுக்கே அவனுக்கென்று செய்தது 'எல்லைமாலை டாட் காம்' ஒன்றுதான். பையன்கள் பெங்களூர், சென்னை என்று பறந்துவிட்ட பிறகு எந்த ஊர்த் தரகர் நடந்துபோய் வரன் பார்ப்பது? நகரி, புத்தூர், சத்தியவேடு, பாலசமுத்திரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்காக அவன் அதைத் தொடங்கினான். இந்த 2004 ஜூலையோடு ஒன்றரை வருடம். அது போனால் மிச்சம் மாம்பழம்தான்.

"ஒரே பொண்ணு, நாலு நட்சத்திரம்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "இன்னும் ஒண்ணு சேந்தா ஓட்டல் தொறந்துடலாம்."

மூலை பெஞ்சில் இரண்டு பேர் இருந்ததையே ஆதி மறந்திருந்தான். பேசியவன் அப்பாவு. ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் விளம்பர வண்டியில் மைக் பிடித்தவன். டாக்கீஸை மூடிவிட்டார்கள், அவன் வாயை மூட ஆள் வரவில்லை. பக்கத்தில் அவன் முதலாளி தாட்சாயணி. இருபத்திரண்டு வருடம் சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். எல்லாம் தானாக இயங்க ஆரம்பித்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் ஆபீஸ் வைத்தாள். அவளுடைய சைட்டும் ஆதியின் கைவேலைதான். அதில் தன் படம் இருப்பதாகப் புகார் செய்ய இன்று வந்திருந்தாள்.

"துப்பறியறவ மூஞ்சிய உலகத்துக்கே காட்டிட்டா, அப்புறம் யாரு பின்னாடி நான் போறது?" என்று காலையிலிருந்து மூன்றாம் முறையாகச் சொன்னாள். உடனே எழுந்து வந்து ஆதியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "என் படம் கெடக்கட்டும். இதைச் சொல்லுங்க தம்பி. அந்தப் பக்கத்தை யாரெல்லாம் மாத்த முடியும்?"

"பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க. எனக்கும் ஷோபாவுக்கும்தான் தெரியும்."

"உள்ள போய்க் காட்டுங்க."

ஆதி தட்டினான். சர்வர் திறந்தது. தாட்சாயணி பஸ் டிக்கெட்டின் பின்புறம் எதையோ எழுதி அவன் முன் நகர்த்தினாள். பார்த்தான். அவன் பிறந்த ஊர் பாலசமுத்திரம், அதற்குப் பின் நான்கு ஒன்பது. அவனுடைய பாஸ்வேர்டு.

"எப்படி மேடம்?"

"நீங்கதான சொன்னீங்க."

"விரல் டைப் பண்றப்ப உன் வாயும் சேந்து டைப் பண்ணுது தம்பி," என்றான் அப்பாவு. "இந்த நாற்காலில உக்காந்தவன் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். லிஸ்ட் போட்டா வாக்காளர் பட்டியல் மாதிரி வரும்."

ஆதிக்குக் காது சூடாகியது. "இப்பவே மாத்திடறேன்."

"மாத்தாதீங்க," என்றாள் தாட்சாயணி. "பூட்டைப் போட்டா திருடன் வரமாட்டான். எப்ப எப்ப மாத்தியிருக்காங்கன்னு தெரியுமா?"

தெரிந்தது. சர்வர் கலிபோர்னியாவில் இருந்தது. மூன்று முறையும் இரவு பன்னிரண்டேகாலிலிருந்து பன்னிரண்டரைக்குள் என்று காட்டியது.

"பேய்தான்," என்றான் அப்பாவு.

"அது அவங்க ராத்திரி. அமெரிக்காவுக்கு கால் போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடம். இந்த மாசத்துல கலிபோர்னியான்னா பன்னண்டரை மணி நேரம் கூட்டணும்." விரலை மடக்கினாள். "நம்ம பகல் பன்னண்டே முக்கால்லேர்ந்து ஒரு மணிக்குள்ள. அந்த நேரம் கடையில யாரு?"

ஆதி பன்னிரண்டரைக்குக் கீழே மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போவான். ஷோபா டிபன் பாக்ஸோடு கடையிலேயே இருப்பாள். சொல்ல மனம் வராமல் சொன்னான். மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நேனு காது சார்!" தான் இல்லை என்று ஷோபா எழுந்தேவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"அழாதம்மா," என்றாள் தாட்சாயணி. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேட்டைன்னா ஏமி?"

"கேட்டா?" ஷோபா மூக்கை உறிஞ்சினாள். "கேட் கிந்த உந்தி மேடம்."

அப்பாவு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "நட்சத்திரத்தைக் கேட்டா கீழ இருக்கற கேட்டைக் காட்டுது பொண்ணு!"

ஆதிக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் அடுத்தடுத்த பக்கங்களைத் திறந்தான். ஷோபா தெலுங்குக்காரப் பெண். இருநூற்றுப் பதினான்கு பக்கங்களையும் ஆங்கில எழுத்தில் அடித்தவள் அவள்தான். எல்லாமே தெலுங்கு வழக்கு. திருவோணம் அவளுக்கு ஸ்ரவணம். கேட்டை ஜேஷ்டா. ஆயில்யம் ஆஸ்லேஷா. எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டும் தெரியும் என்பதால் யாரும் அதைக் கேட்டதில்லை. தேன்மொழியின் பக்கத்தை மாற்றியவர் மட்டும் ஆயில்யம் என்றும் கேட்டை என்றும் தமிழில் யோசித்து எழுதியிருந்தார்.

"ஆக ஷோபா இல்ல," என்றாள் தாட்சாயணி. "இவங்க தமிழ் ஆளு. எந்த மாப்ள வரப்போறான், அவன் வீட்ல யாரு இருக்காங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஆளு. அப்பன் இருந்தா மூலம், ஆத்தா இருந்தா ஆயில்யம், அண்ணன் இருந்தா கேட்டை. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குது பாருங்க."

"தம்பி இருந்தா விசாகம்," என்று சேர்த்துக்கொண்டான் அப்பாவு. "அது மாப்ளயோட தம்பிக்கு ஆகாது. இத்தனையும் தாண்டி ஒருத்தன் உள்ள வரணும்னா, அப்பன், ஆத்தா, அண்ணன், தம்பி ஒருத்தரும் இருக்கக்கூடாது. அப்படி எவன் இருக்கான்? வானத்துலேர்ந்து குதிச்சாத்தான் உண்டு."

தாட்சாயணி சிரிக்கவில்லை. "தம்பி, உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"யாரும் இல்ல மேடம்."

ஒன்பது வயதில் ஒரு லாரி விபத்து. ஒரே நாளில் அப்பா, அம்மா இருவரும். அதற்குப் பிறகு சித்தூரில் அரசு ஹாஸ்டல். இவ்வளவையும் இரண்டு வரியில் சொல்லி முடித்தான். ஷோபா அழுகையை நிறுத்திவிட்டு முதலாளியையே பார்த்தாள்.

தாட்சாயணி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வாங்க."

சித்தூர் பஸ் நிற்குமிடம் வந்ததும் ஆதிதான் ஆரம்பித்தான்.

"நான் செய்யலக்கா." மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று அவனுக்கே தெரியவில்லை. "ஆனா மூணு சம்பந்தமும் தட்டிப்போனப்ப, மூணு தடவையும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

"அதை நான் கேக்கவேயில்லயே."

"கேப்பீங்கன்னு சொல்றேன். தேன்மொழி மூணு தடவ கடைக்கு வந்தாங்க. ஒரு தடவ போட்டோ மாத்த. ஒரு தடவ ஸ்கூல் பேரு மாத்த. கடைசியா ஒரு கமா விட்டுப்போச்சுன்னு வந்தாங்க. வந்தா ஒரு மணி நேரம் பேசிக்கினு இருப்பாங்க. மத்தியானம் இன்னா துன்னீங்கன்னு கேப்பாங்க. என்னை அந்த மாதிரி வேற யாரும் கேட்டதில்லக்கா."

"நீங்க பொண்ணு கேட்டிருக்கலாமே?"

"யாரைக் கூட்டிக்கினு போய்க் கேக்கறது?"

பஸ் வந்தது. தாட்சாயணி ஒரு காலைப் படியில் வைத்தபடியே திரும்பினாள். "நான் ஒரு பொய் மாப்ளயை இறக்கப் போறேன். பேரு சீனு. பெங்களூர்ல வேலை. வீட்ல அண்ணன் ஒருத்தன் மட்டும்தான், வேற யாரும் இல்ல. சைட்ல பக்கம் எதுவும் போடாதீங்க. ஷோபாகிட்ட மட்டும் சொல்லி வெய்யுங்க. பொண்ணு வீட்டுக்கு நான் பேசிக்கறேன்."

"அண்ணன் ஒருத்தன். அப்ப கேட்டைதான் வரணும்."

"பாப்போம்," என்றாள். அவன்மேல் சந்தேகமா இல்லையா என்பது அந்த ஒரு சொல்லில் ஆதிக்குப் பிடிபடவில்லை.

செவ்வாயும் புதனும் ஆதி மாம்பழத்துக்கு மஞ்சள் ஏற்றினான், இறக்கினான். தானே தூக்கத்தில் எழுந்துபோய் மாற்றியிருப்போமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தான். வியாழக்கிழமை சாப்பிடப் போகவில்லை. பன்னிரண்டரையிலிருந்து தேன்மொழியின் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தான். ஷோபாவும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் பின்னால் வந்து நின்றாள்.

பன்னிரண்டு நாற்பத்தேழுக்குப் பக்கம் புதிதாக வந்தது.

நட்சத்திரம்: விசாகம்.

ஆதி செல்போனை எடுத்தான். "அக்கா, மாறிடுச்சு. ஆனா ஏதோ தப்பு. விசாகம்னு வந்திருக்கு. அது தம்பிக்கு ஆகாதது. சீனுவுக்கு அண்ணன்தானே?"

மறுமுனையில் தாட்சாயணி சிரித்தாள். பக்கத்தில் அப்பாவு, "அஞ்சாவது நட்சத்திரம் வந்துடுச்சுடோய்! ஓட்டலைத் தொற!" என்று கத்துவது கேட்டது.

"நீங்க தப்பிச்சீங்க தம்பி," என்றாள் தாட்சாயணி. "உங்ககிட்டதான் அண்ணன்னு சொன்னேன். பொண்ணு வீட்டுக்கு சீனுவோட அத்தை மாதிரி போன் பண்ணி, தம்பி ஒருத்தன் மட்டும்தான்னு சொன்னேன். நீங்க மாத்தியிருந்தா கேட்டை வந்திருக்கும். விசாகம் வந்திருக்குன்னா..."

"அந்த வீட்லேர்ந்து..."

"சனிக்கெழமை சாயந்திரம் ரெடியா இருங்க."

சனிக்கிழமை வாடகை ஜீப்பில் மூன்று பேரும் வடமாலபேட்டையில் இறங்கினார்கள். சென்னை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, இரண்டு ஏக்கர் மாந்தோப்பின் ஓரத்தில் முனியப்பனின் வீடு. அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவர், அரசாங்கத்தில் பட்டா கிடைத்த பிறகு தானே நட்டு வளர்த்த தோப்பு. கூடத்தில் தேன்மொழி ஒரு கட்டு விடைத்தாளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். ஆதியைப் பார்த்ததும் பேனா ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

"எவன்னு தெரிஞ்சுதா?" என்றார் முனியப்பன்.

தாட்சாயணி அவருக்குப் பதில் சொல்லாமல், அவர் மனைவி சுந்தரம்மாவைப் பார்த்துக் குரலைச் சற்று இழுத்துப் பேசினாள். "நமஸ்காரம்மா, நான் பெங்களூர்லேர்ந்து சீனுவோட அத்தை பேசறேன்..."

சுந்தரம்மா வாயில் கையை வைத்தாள். "அய்யே, அந்தம்மா நீங்களா? எம்மாம் மரியாதையா பேசினீங்க! நான் கேசரிக்கு ரவைகூட வாங்கி வெச்சிட்டேனே."

"மன்னிச்சுக்குங்க. சீனுன்னு ஒருத்தன் கெடையாது. அவனுக்குத் தம்பி மட்டும்தான் இருக்கான்னு நான் இந்த வீட்டுக்கு மட்டும்தான் சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் பன்னண்டே முக்காலுக்கு பொண்ணு நட்சத்திரம் விசாகமா மாறிடுச்சு."

முனியப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் அந்த மிஷினைத் தொறக்கக்கூடத் தெரியாதே," என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பன்னிரண்டே முக்கால் தேன்மொழியின் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி, அங்கே கம்ப்யூட்டர் அவள் கையில். அது ஆதிக்கும் இப்போதுதான் தோன்றியது.

சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

"நான்தான் நைனா."

சுந்தரம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். முனியப்பனின் கை ஓங்கியது. ஓங்கியபடி அப்படியே நின்றது.

"எதுக்கு?" என்றார். கேட்டதே பாதிதான் வெளியே வந்தது. "எதுக்குடி? மூணு வீட்ல என்னைத் திருடன்னு சொல்லாத குறை."

"மூலம்னு போட்டா அவங்க வரமாட்டாங்க, அத்தோட முடிஞ்சுடும்னு நெனச்சேன். நீங்க அடுத்த மாசமே அடுத்த ஆளைப் புடிச்சுக்கினு வந்தீங்க. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்லுவேன்? சம்பந்தப்பட்டவரே வாயத் தொறக்கல." தேன்மொழி எழுந்து நின்றாள். கோபம் முழுவதும் ஆதியின் பக்கம் திரும்பியது. "போட்டோ மாத்த வந்தேன். ஸ்கூல் பேரு மாத்த வந்தேன். ஒரு கமாவுக்காகப் புத்தூர்லேர்ந்து பஸ் ஏறி எவளாவது வருவாளா? வந்தேன். இவரு கமாவைப் போட்டுட்டு, 'வேற கரெக்‌ஷன் இருக்கா மேடம்'னு கேக்கறாரு!"

"அடப்பாவி," என்றான் அப்பாவு, மனப்பூர்வமாக.

"உங்க சைட்டுக்குக் கெட்ட பேரு வரும்னு நான் யோசிக்கல," என்றாள் அவள், இப்போது மெதுவாக. "அது என் தப்புதான்."

பிள்ளையாரைச் சுற்றவைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வாக்கியம் கோர்க்க அவ்வளவு நேரம் பிடித்தது.

"ஐயா, பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொன்னது நான். அதனால எல்லாத்துக்கும் மொதல் தப்பு என்னுது. நாளைக்கு சங்கத்துல நானே சொல்றேன். சைட்டை மூடச் சொன்னாலும் மூடிடறேன். ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். தேன்மொழியை எனக்குக் குடுப்பீங்களா? முறையா ஆள் கூட்டிக்கினு வந்து கேக்கணும். எனக்கு ஆளு இல்ல. அதனாலதான் இத்தினி நாளா கேக்கல."

முனியப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தோப்புக்குள் மோட்டார் கொட்டகைப் பக்கம் அவர் தலை மறைந்தது. சுந்தரம்மா நீலம் மாம்பழம் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவு மட்டும் தின்றான். "பதட்டமா இருந்தா எனக்குப் பசிக்கும்," என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னான். ஜீப் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்து ஓய்ந்தான்.

கால் மணி கழித்து முனியப்பன் வந்தார். ஆதியின் எதிரில் உட்கார்ந்தார்.

"பாலசமுத்திரத்துல எந்த வீடு?"

"காலனில கடைசி வீடுங்க. இப்ப வீடு இல்ல."

"உன் நட்சத்திரம் இன்னா?"

"தெரியாதுங்க. பொறந்த தேதியே தெரியாது. ஹாஸ்டல்ல சேக்கறப்ப வார்டன் ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கினாரு."

"ஊருக்கெல்லாம் ஜாதகம் ஏத்தறவன்கிட்ட சொந்தமா ஒண்ணு இல்ல," என்று அப்பாவு முணுமுணுத்தான். தாட்சாயணி அவன் காலை மிதித்தாள்.

முனியப்பன் மனைவியைப் பார்த்தார். "நட்சத்திரமே இல்லாதவனுக்கு எப்படிக் குடுக்கறது?"

"உன் பொண்ணுக்குத்தான் அஞ்சு இருக்குதே," என்றாள் சுந்தரம்மா, மாம்பழத் தட்டை எடுத்துக்கொண்டே. "ஒண்ணை அவருக்குக் குடுத்துடு."

அப்பாவு புரையேறி இருமினான். தேன்மொழி விடைத்தாள் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முனியப்பனின் மீசை ஓரம் லேசாக அசைந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"நாளைக்கு சங்கத்துல நீ பேச வேணாம். இவ எந்திரிச்சு நின்னு சொல்லட்டும், நான்தான் மாத்தினேன்னு. அப்புறம் அந்த மூணு வீட்டுக்கும் நானும் இவளும் போய் மன்னிப்புக் கேக்கணும். நீயும் வா. கதவைத் தொறந்து போட்டவன் நீதான்."

"வரேங்க."

"சொல்றேன் நைனா," என்றாள் தேன்மொழி. குரல் நடுங்கினாலும் தலை குனியவில்லை.

முனியப்பன் ஆதி பக்கம் திரும்பினார். "மொதல்ல அந்தப் பக்கத்தைக் கவனி."

"இப்பவே திருவோணம்னு திருத்திடறேங்க."

"திருத்தச் சொல்லல," என்றார் முனியப்பன். "எடுத்துடு."

ஆதி செல்போனில் கடையைக் கூப்பிட்டான். ஷோபா இன்னும் கிளம்பவில்லை. தேன்மொழியின் பக்கத்தைத் தூக்கிவிடச் சொன்னான். எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் காரணம் எழுத வேண்டும் என்பது அவனே போட்டிருந்த சட்டம். போனில் ஷோபாவின் குரல் கணீரென்று கேட்டது: "ரீசன் ஏம் பெட்டாலி சார்?"

என்ன காரணம் போடுவது? ஆதி போனைக் காதில் வைத்தபடியே விழித்தான். தகவல் தவறு என்று போடச் சொல்லலாம். குடும்பத்தார் விருப்பம் என்று போடச் சொல்லலாம்.

முனியப்பன் கையை நீட்டிப் போனை வாங்கினார். பழக்கமில்லாத அந்தச் சின்னப் பொருளை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தாசில்தார் ஆபீசில் பேசுகிற தெலுங்கில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"சம்பந்தம் குதிரிந்தி அனி பெட்டம்மா."

சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது என்று போடச் சொல்கிறார். அது ஆதிக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. தேன்மொழிக்கு அந்த ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அவள் அடுப்படிப் பக்கம் ஓடிவிட்டிருந்தாள்.

யாரோடு என்று ஷோபா மறுமுனையில் அலறியது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"எவரிதோ சார்?"

முனியப்பன் ஆதியை உச்சி முதல் கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"மீ சார்தோனே," என்றார். உங்க சாரோடதான்.